பனை வைத்தவன்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஒரு பழமொழி உண்டு. தென்னை ஐந்தாறு வருஷத்தில் பாளை விட்டுவிடும். பனைக்குப் பதினைந்து இருபது வருஷமாவது வேண்டும். ஆகவே பனங்கொட்டையை ஊன்றுகிறவன் அதன் நுங்கைத் தின்னக் கொடுத்து வைத்தவன் அல்லன்; அது மரமாகி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதுவே பெரிது. சிறுவனாக இருந்தபோது இதைக் கேட்டுப் பனை வைத்தவனுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவனிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டாகிவிட்டது.

இந்தப் பழமொழியை அண்மையில் மறுபடியும் எனக்கு நினைவூட்டியது ஒரு செல்போன்.

மாசி மாதத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவோம் என்று எரியோட்டுக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற ரயில் பாதையில் உள்ள சின்ன ஊர். சுற்றிலும் செம்மண் புஞ்சை. கடலை, சோளம், முருங்கை. கொஞ்ச தூரம் நடந்தால் நூற்பாலைகள். அக்கா மகன் அப்படி ஒரு மில்லின் ஆபீஸில்தான் கணக்கு எழுதுகிறான். அன்று லீவு போட்டுவிட்டுத் திண்ணைத் தூணில் சாய்ந்து கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வைத்த காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, கிரிக்கெட்டா?" என்றேன்.

"இல்லை மாமா, நிஃப்டி" என்றான், தலையை நிமிர்த்தாமலே.

எட்டிப் பார்த்தேன். பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் முகமும் அவற்றோடு ஏறி இறங்கியது.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ரூபாய் வந்தாப் போதும் மாமா. அதுக்கு மேலே எனக்கு ஆசை கிடையாது. பேராசைப்பட்டாத்தானே தப்பு?" என்றான்.

அந்தப் பேச்சில் இருந்த அடக்கம் என்னைத் தடுமாற வைத்துவிட்டது. கோடீசுவரனாக வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தால் கண்டித்திருப்பேன். மளிகைக் கடை வைத்திருப்பவன் பேசுவது போல, தினம் இரண்டாயிரம் போதும் என்கிறவனை என்ன சொல்வது?

அவன் செய்துகொண்டிருந்த வியாபாரத்தை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் அய்யலூரில் தக்காளிச் சந்தை இருக்கிறது. அங்கே அடுத்த வாரம் பெட்டி 300 ரூபாய்க்குப் போகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே ஒருவரிடம் 10 ரூபாயைக் கொடுத்து, 'இன்ன தேதிக்குள் நான் கேட்டால் ஒரு பெட்டியை 250 ரூபாய்க்குத் தரவேண்டும்' என்று பேசி வைக்கிறீர்கள். விலை ஏறினால் வித்தியாசம் உங்களுக்கு. ஏறாவிட்டால் கொடுத்த 10 ரூபாய் போயிற்று. உங்களுக்குத் தக்காளி தேவையில்லை. பேசியவரிடமும் தக்காளி கிடையாது. இதற்குத்தான் ஆப்ஷன் என்று பெயர். உண்மையிலேயே தக்காளி தேவைப்படுகிறவருக்கு, அல்லது பஞ்சு வாங்கியாகவேண்டிய மில்காரருக்கு, இப்படி ஓர் ஏற்பாடு நியாயமான பாதுகாப்பு. தக்காளியைக் கண்ணாலும் பார்க்க விரும்பாதவர்கள் லட்சக்கணக்கில் கூடி இதையே தொழிலாகச் செய்யும்போதுதான் அது வேறொன்றாகிவிடுகிறது.

அன்று சாயங்காலம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். ஏலச்சீட்டுப் போட்டு, பல வருஷமாகச் சேர்த்த 1,80,000 ரூபாய். வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் கூரை போடுவதற்காக மகன் பெயரில் பாங்கில் வைத்திருந்தாள். கொத்தனார் முன்பணம் கேட்டு வந்தபோதுதான் பணம் இல்லை என்பது தெரிந்தது. முதலில் கொஞ்சம் வந்திருக்கிறது, பிறகு போயிருக்கிறது, போனதை மீட்க மேலும் போட்டிருக்கிறான். தினம் இரண்டாயிரம் போதும் என்று அவன் சொன்னது ஆசையினால் அல்ல, விட்டதைப் பிடிக்க என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் ஒருவனுடைய கதையாக இருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனி மனிதர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1,80,000 கோடிக்கும் மேல். லாபம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது, கணினிக்கே வியாபாரம் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு. எரியோட்டுத் திண்ணையில் ஒரு பையன் காப்பியை மறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் முறை வாங்கி விற்கும் யந்திரத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறான்.

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் குறளிலேயே அவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. சூதில் கிடைக்கும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் முள் என்கிறார். என் மருமகனுக்கு முதல் வாரம் வந்த சில ஆயிரங்கள் அந்த முள்தான்.

அப்படியானால் சீக்கிரம் லாபம் பார்க்க நினைப்பதே பாவமா? இந்தக் கேள்வியை அவசரப்பட்டு முடித்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது.

தக்காளி நட்டவன் இரண்டு மூன்று மாதத்தில் பறித்துச் சந்தைக்குக் கொண்டு போகிறான். அவனைச் சூதாடி என்று யாரும் சொல்வதில்லை. விலை விழுந்துபோன நாட்களில் கூலிக்கும் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற தக்காளியைப் பார்த்தவர்களுக்கு அவனுடைய அபாயம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனாலும் அவன் உழைப்பிலிருந்து ஒரு பழம் உண்டாகியிருக்கிறது. யாரோ ஒரு வீட்டில் அன்றைக்கு ரசம் கொதித்திருக்கிறது. அவனிடம் காலையில் வாங்கி மாலையில் வெளியூருக்கு விற்கிற வியாபாரியையும் நான் குறை சொல்லமாட்டேன். அவன் இல்லாவிட்டால் பழம் சந்தையிலேயே அழுகும்.

ஆகவே காலம் குறைவு என்பது குற்றமில்லை. லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். ஒரு மில்லின் பங்கை நான் வாங்கினால், அந்த மில் நூல் நூற்று, கூலி கொடுத்து, கடன் கட்டி, மிச்சப்படுவதில் எனக்கு ஒரு துளி வருகிறது. மில் வளர்ந்தால் எனக்கும் லாபம், என் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பங்குதாரருக்கும் லாபம். தொழிலாளிக்கு வேலையும் இருக்கிறது. ஒருவர் பெறுவதற்காக மற்றவர் இழந்தாகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. மருமகன் ஆடிய ஆட்டத்தில் அந்தக் கட்டாயம் இருக்கிறது. அவனுக்கு இரண்டாயிரம் வந்த நாளில் வேறொருவரிடமிருந்து இரண்டாயிரம் போயிருக்கவேண்டும். அதற்கு மேல் தரகு, வரி, கட்டணம் எல்லாம் இரு பக்கமும் கழியும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுந்திருக்கும்போது, கொண்டுவந்த பணத்தைவிடக் குறைவாகத்தான் மேஜைமேல் மிச்சம் இருக்கும்.

அன்று அவனை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, நம்மில் பலரும் செய்வது போல, நீண்டகால முதலீட்டின் பெருமையைப் பாட ஆரம்பித்தேன். பம்பாய்ச் சந்தையின் குறியீட்டெண் 1979-ஐ ஒட்டி 100 என்று வைத்துக் கணக்கிடப்படுவது. அதுவே 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. "பொறுத்திருந்தவனுக்கு எவ்வளவு பார்த்தாயா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பாவம், எதிர்த்துப் பேசுகிற நிலைமையில் அவன் இல்லை.

இப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போது, அந்த உபதேசத்தில் நான் விட்டுவிட்டவை நினைவுக்கு வருகின்றன.

அந்தக் குறியீட்டில் உள்ள 30 கம்பெனிகள் எப்போதும் அதே 30 அல்ல. நலிந்ததை எடுத்துவிட்டு வலுத்ததைச் சேர்ப்பார்கள். கணக்கு ஏறிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம். தனி மனிதன் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் பத்திரத்தை அப்படி யாரும் மாற்றித் தருவதில்லை. சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்குகளை எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் பொறுமையோடு வைத்திருந்தார்கள். கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7-ஆம் தேதி எழுதிக் கொடுத்தார். அன்று ஒரே நாளில் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. அந்தப் பொறுமைக்கு என்ன பலன்?

ஒரு தேசத்துக்கே அப்படி நேர்ந்திருக்கிறது. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,900-ஐத் தாண்டி நின்றது. அந்த உயரத்தை அது மறுபடியும் எட்டியது 2024 பிப்ரவரியில். இடையில் 34 வருஷம். நாற்பது வயதில் அங்கே பங்கு வாங்கியவர் எழுபத்துநான்கு வயதில் போட்ட விலையைப் பார்த்திருப்பார். பனை வைத்தவனைவிட அவர் பாடு கஷ்டம்.

என் சொந்தக் கதையையும் மறைக்கக் கூடாது. 2020 மார்ச் 23-ஆம் தேதி, கொரோனா பயத்தில், பம்பாய்க் குறியீடு ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்தது, நூற்றுக்குப் பதின்மூன்று. பொறுமையைப் பற்றி மேடையில் பேசியிருக்கிற நான் அந்த வாரம் என்ன செய்தேன்? கையில் இருந்ததில் பாதியை விற்றுவிட்டு, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் 26,000-க்குக் கீழே இறங்கிய குறியீடு 47,000-க்கு மேலே வந்துவிட்டது. நான் 'நீண்டகாலம்' என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தைத்தான் என்று அப்போது தெரிந்தது. பொறுமைக்குப் பரீட்சை வைத்த நாளில் நானும் மருமகனும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம்.

வெறுமனே நெடுநாள் வைத்திருப்பது ஒரு குணமாகாது. மறதியும் நெடுநாள் வைத்திருக்கும், சோம்பலும் வைத்திருக்கும். எதை, எதற்காக வைத்திருக்கிறோம் என்பது தெரியவேண்டும்.

நம் நாட்டில் பங்கு வாங்கியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1906-ஆம் வருஷத்துத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். அந்த அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பாண்டித்துரைத் தேவர் தலைவர்; ஓடி ஓடிப் பங்கு சேர்த்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்கு வாங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன, கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தது. 1908-இல் பிள்ளை சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது.

லாபக் கணக்குப்படி அந்தப் பங்குதாரர்கள் ஏமாந்தவர்கள். 25 ரூபாய் போட்டவருக்கு அது திரும்பவில்லை. ஆனால் அவர்களில் யாராவது 'சூதில் தோற்றேன்' என்று சொல்லியிருப்பார்களா? தங்கள் பணம் எதுவாக ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் நின்று, புகை விட்டுக்கொண்டு போகிற கப்பலைக் காட்டி, 'அதில் ஓர் ஆணி என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாகிறான் என்பதில் இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது போலும். என் மருமகனின் 1,80,000 ரூபாய் எதுவாகவும் ஆகவில்லை. எந்தக் கப்பலிலும் எந்த மில்லிலும் அதன் ஆணி கிடையாது. அவன் தோல்வியில் எனக்கு மிகவும் துயரமாகப் பட்டது இதுதான்.

அன்று இரவு நடந்ததை இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். நான் விடாமல், "அவனுக்குப் பொறுமை இல்லை அக்கா. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "பொறுமைக்கும் கையிலே காசு வேணும் தம்பி. மழை வர்றதுக்குள்ளே கூரை போடணும்னு நான்தான் அவனை அரிச்சுக்கிட்டே இருந்தேன்."

எனக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை. நீண்டகால முதலீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பத்து வருஷம் என்கிறோம், இருபது வருஷம் என்கிறோம். அந்தப் பத்து வருஷமும் மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டும். பிள்ளைக்குப் பீஸ் கட்டவேண்டும். ஒழுகுகிற கூரையின் கீழே பாத்திரம் வைக்கவேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவனுக்குப் பொறுமை சுலபம். மிச்சமே இல்லாதவனிடம் பொறுமையைப் போதிப்பது பட்டினி கிடப்பவனிடம் விரதத்தின் மகிமையைச் சொல்வது போல. அவன் குறுக்கு வழியில் போனது தவறுதான். எங்களைப் போன்றவர்கள் நேர்வழி என்று காட்டியது அவனுடைய ஆயுளுக்குள் வீடு போய்ச் சேராத வழி என்பதும் உண்மைதான்.

அதற்காக ஆப்ஷன் வியாபாரம் ஏழைக்கு நியாயமாகிவிடாது. அவசரமுள்ளவனிடம்தான் அது அதிகமாகப் பறிக்கிறது. நாளைக்கு வேண்டிய பணம் அந்தச் சந்தைக்கே போகக் கூடாது. குறுகிய காலத்துக்கும் போகக் கூடாது, நீண்ட காலத்துக்கும் போகக் கூடாது. அது பாங்கிலோ தபாலாபீஸிலோ சாதுவாக உட்கார்ந்திருக்க வேண்டியது. வேறொரு சோதனையும் எனக்குத் தோன்றுகிறது. செய்வதை வீட்டில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். தக்காளி நட்டவன் விலை விழுந்த அன்றைக்கும் வீட்டில் வந்து சொல்லுகிறான். என் மருமகனால் சொல்ல முடியவில்லை. 2020-இல் பாதியை விற்றதை நானும் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கத் தோன்றும்போதே மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஊர் திரும்பியதும், நான் விற்காமல் மிச்சம் வைத்திருந்த பழைய பங்குகளில் ஒரு பகுதியை விற்றேன். பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தவை. விற்கிறேன் என்று பொத்தானை அழுத்திய அதே நொடியில் யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவசரத் தேவைக்குச் சரக்கை நீட்டுகிறபோது வாங்க ஒரு கை இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கை அன்று காலையில் வாங்கி மாலையில் விற்கிற யாரோ ஒரு பையனுடையதாகவும் இருக்கலாம். அவனைப் போன்றவர்கள் இருப்பதால்தான் என் பத்து வருஷப் பொறுமை ஒரு நாளில் பணமாயிற்று. குறுகிய காலக்காரனை அடியோடு திட்டுவதற்கு எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தை அக்காவுக்கு அனுப்பினேன். மருமகன் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறேன் என்றிருக்கிறான். தரட்டும், அது அவனுக்கு நல்லது. கூரைக்குக் கம்பி கட்டுகிறார்கள் என்று போனில் சொன்னான். அவன் குரலில் பழைய வெட்கம் கொஞ்சம் இருந்தது. தினம் எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது என்று கணக்குச் சொன்னபோது மட்டும் அது இல்லை.

பனையைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்துச் சம்சாரி பனங்கொட்டையைக் காட்டின் நடுவில் ஊன்றமாட்டான். வரப்பின் ஓரத்தில் ஊன்றுவான். உள்ளே அந்த வருஷத்துக்கு வேண்டிய கடலையும் சோளமும் விளையும். சாப்பாடு அதிலிருந்து வரும். பனை தன் பாட்டுக்கு ஓரத்தில் நின்று வளரும். வளரவில்லை என்றால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. வளர்ந்தால் பேரன் நுங்கு தின்பான்.